அண்ணன் போய் வந்த குடி

இந்த நினைவு மலரை வாங்கிக்கொண்டு நீங்கள் உட்காரும் கூடத்தில் ஒரு ஏசி ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் அண்ணன் தம் கையால் மாட்டியது. வெயிலில் வந்திருப்பீர்கள். அதன் எதிரே ஒரு நிமிடம் உள்ளங்கையை நீட்டி நின்றுவிட்டு உட்காருங்கள். எந்த வீட்டில் வேலை முடித்தாலும் அண்ணன் அப்படித்தான் நிற்பார். கண்களை மூடிக்கொண்டு, காற்றுக்குள் யாரோ பேசுவதைக் கேட்பவர்போல. பிறகு வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துத் தெலுங்கில், "சல்லகா உந்தா?" என்பார். குளிர்ச்சியாக இருக்கிறதா என்று கேட்பது அது. அவர்கள் தலையாட்டும் வரை பையைத் தூக்க மாட்டார்.

ஓராண்டாக அவர் என் கனவில் வருவதும் இப்படித்தான். முகம் தெரிவதில்லை. நீட்டிய கை மட்டும் தெரியும். விழித்த பிறகும் அறையில் ஒரு குளிர் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும்.

அண்ணன் பிறந்தது மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வேலைக்கு வந்தவர். எங்கள் ஜன்னலுக்கு நேராக மலை, மலைமேல் தர்கா, நடுவில் தண்டவாளம். சரக்கு வண்டி ஊர்ந்து போகும்போது அண்ணன் என்னைத் தூக்கி ஜன்னல் கம்பியில் நிறுத்தி, "பாரு, மலை போகுது" என்பார். வண்டி நின்றால், "ஸ்டேஷன் வந்துடுச்சு, மலை எறங்கிக்கும்" என்பார். நான் நம்பினேன். இன்றும் அந்தப் பக்கம் போகும்போது, மலை இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

அப்பா காலமானபோது நான் பள்ளியில் இருந்தேன். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்து ஏசி மெக்கானிக் ஆனார். நான் கல்லூரிக்குப் போனது அவர் ஏறி இறங்கிய மாடிகளால்தான். திருமணமாகி இப்போது கச்சிபௌலியில் உயரமான அடுக்குமாடி ஒன்றில் இருக்கிறேன். வெளிச்சுவர்களில் தொங்கும் ஏசிப் பெட்டிகளைப் பார்த்தால் அண்ணன் நினைவுதான் வரும். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அங்கேதான் அவர் தொங்கியிருப்பார். "கீழ பாக்காதீங்கண்ணா" என்று ஒருமுறை சொன்னேன். "கீழ எதுக்குப் பாக்கணும்? ஒவ்வொரு மாடியிலயும் இன்னிக்கு என்ன குழம்புன்னு பாத்துக்கிட்டே ஏறிடுவேன்" என்றார்.

அவர் குடித்தார்.

இந்த வரியை எழுதலாமா என்று அண்ணியிடம் பலமுறை கேட்டேன். எழுதிவிட்டு அழித்தேன். அண்ணிதான் கடைசியில், "எழுதும்மா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரியாத மாதிரி நடிக்கறவங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். கோடையில் நாளெல்லாம் வெயிலில் நின்ற களைப்பில் கூட்டாளிகளோடு தொடங்கியது அது. பிறகு அதற்குக் கோடை தேவைப்படவில்லை.

அப்போது என் மகளுக்கு ஐந்து வயது. விடுமுறைக்கு அம்மா வீட்டில் விட்டிருந்தேன். இங்கே வளரும் பல பிள்ளைகளைப்போல அவளும் தமிழைக் காதில் வாங்கிக்கொண்டு பதிலைத் தெலுங்கில் சொல்வாள். மாலையானால், "மாமா எங்கே" என்று கேட்பாள். அண்ணி சலிப்போடு, "குடிக்கப் போயிருக்காரு" என்பார். தெலுங்கில் கோவிலுக்குக் குடி என்று பெயர். முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேற்றுமை. கோவிலுக்கு என்பதைக் 'குடிகி' என்பார்கள். குழந்தையின் காதில் விழுந்தது அந்தச் சொல்தான்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், "மா மாமா ரோஜு குடிகி வெள்தாரு" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். எங்கள் மாமா தினமும் கோவிலுக்குப் போகிறார் என்று. மறுநாள் அந்த அம்மாள் வாசலில் அண்ணனைப் பார்த்து, "எந்த பக்தி பாபூ மீக்கு!" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். எவ்வளவு பக்தி உங்களுக்கு!

அண்ணன் உள்ளே வந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "கேட்டியாம்மா, தெருவுல நான் பக்தனாம்!"

அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கொழந்த சொல்லிட்டா. போய்ட்டு வா" என்றார்.

அன்று மாலை அண்ணன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள போச்சம்மா கோவிலுக்குப் போய், வேப்பமரத்தடியில் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த மாலையும் போனார். அண்ணி அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய், மருந்தின் துணையோடு குடியை விடச் செய்தார். இடையில் தவறிய நாட்களும் உண்டு, மறைக்கவில்லை. ஆடி மாதம் போனாலுப் பண்டிகையில் அம்மனுக்குக் கள் படைப்பார்கள். அப்போது மட்டும் ரோட்டிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புவார். "உள்ள நக்கோ, வேணாம். அம்மா வீட்லயே சரக்கு இருந்தா நான் எங்க போறது?" என்று சிரிப்பார்.

ஆனால் ஈரல் அதற்குள் சுருங்கிப்போயிருந்தது. கண் மஞ்சளித்தது. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. அதை எடுக்க அடிக்கடி மருத்துவமனைக்குப் போனபோதுதான், குடியையும் ஈரல் நோயையும் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் அங்கு வந்தார். பலர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்கள். அண்ணன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படத்தில் அவர் தெலுங்கில் பேசுவதன் சாரம் இது: "எங்க வீட்டுப் பாப்பா, நான் தினம் குடிகி போறேன்னு தெருவுல சொல்லிட்டா. அவளைப் பொய் சொல்லாதேன்னு வளக்கறாங்க. என்னால அவ பொய்க்காரி ஆயிடக்கூடாது. அதான் போறேன்."

அவ்வளவுதான் அவர் பேசியது. பிறகு கேமரா பிடித்த பெண்ணைப் பார்த்து, இந்த வார்டில் ஏசி சரியில்லை, ஃபில்ட்டரைக் கழுவச் சொல்லுங்கள் என்றார். அதையும் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

கடைசி நாட்களில் அவருக்கு நினைவு மேகம்போல வந்து வந்து கலைந்தது. யார் வந்து கட்டிலருகே நின்றாலும், "சல்லகா உந்தா?" என்று கேட்டார். டாக்டரையும் கேட்டார். அண்ணி அவர் உள்ளங்கையைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, "இருக்குங்க, நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டபடியே அண்ணன் போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்துப் படம் இணையத்தில் வெளியானது. அதன் கீழே பார்த்தவர்கள் எழுதுவதை நான்தான் அம்மாவுக்கும் அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். ஆபீஸ் வண்டியில் போகும்போது முதலில் நானே படித்துப் பார்ப்பேன். எதைப் படிக்கலாம், எதை விடலாம் என்று மனம் அடித்துக்கொள்ளும். "குடிச்சுக் கெட்டவனுக்கு எதுக்குப் படம்" என்று ஒருவர். "புது ஈரல் வேணுமா? ஒயின் ஷாப்ல கேளு" என்று இன்னொருவர். "இவர் எங்கள் வீட்டு ஏசியைச் சரிசெய்தவர். தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்" என்று ஓர் அம்மாள். ஒரு பெண் எழுதியிருந்தார்: "என் கணவரும் கூட உட்கார்ந்து பார்த்தார். எழுந்து போய்த் தம் தட்டைத் தாமே கழுவி வைத்தார்." அண்ணி இதை மறுபடி படிக்கச் சொன்னார்.

எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. மாலை நேரங்களில் சிலர் ஒரே வரியை எழுத ஆரம்பித்தார்கள். "குடிகி வெள்ளானு அன்னா." கோவிலுக்குப் போனேன் அண்ணா. இன்று குடிக்கவில்லை என்பதற்கு அவர்களுக்குள் அது அடையாளமாகிவிட்டது. ஒருவர் தக்கனி உருதுவில், "மேரா குடி மஸ்ஜித் ஹை பாய், பர் ஆயா" என்று எழுதியிருந்தார். என் கோவில் மசூதி, ஆனாலும் வந்துவிட்டேன் என்று. உயிரோடு இருப்பவர்போல நினைத்து அண்ணனிடமே எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள். படத்தின் முடிவில் அவர் மறைந்த செய்தி இருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் சொன்னார்கள்.

அவர்களில் ஒருவர் தம் படத்துக்குப் பதில் மஞ்சள் லாரி ஒன்றின் படத்தை வைத்திருப்பார். பெயர் தெரியாது. அம்மா அவரை லாரிக்காரப் பிள்ளை என்பார். விடாமல் எழுதிவந்தவர், சங்கராந்திக்குப் பிறகு வரவில்லை.

முதலாண்டு நினைவுக்கு ஏற்பாடு பேச, காஞ்சன்பாக்கிலிருந்து பெரியப்பா வந்தார். அண்ணனைத் தோளில் சுமந்தவர் அவர். பேத்திக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம். "எனக்கும் அவன் புள்ளதாம்மா" என்று தொடங்கினார். "ஆனா சம்பந்தி வீட்ல போனைத் தட்டினா அவன் மூஞ்சி வருது, கீழ கண்டவன் கண்டதை எழுதறான். அந்தப் படம் எடுத்த பொண்ணு, நீங்க சொன்னா நெட்லருந்து எடுத்துடறேன்னு சொல்லியிருக்கே? திதிக்குள்ள எடுக்கச் சொல்லிடலாம்."

பெரியப்பா சொன்னதில் தவறில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. என் மகள் இப்போது தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். படத்தின் அடியில் தமிழில் ஓடும் வரிகளில் ஒரு சொல்லைத் தொட்டு, "அம்மா, இது குடிதானே? நான் சொன்ன குடி?" என்று கேட்டாள். கோவிலைச் சொல்வதுபோல அழுத்தித்தான் சொன்னாள். அங்கே எழுதியிருந்தது மற்றக் குடி. ஆமாம் என்றேன். சரியாகச் சொன்னேனா என்று இன்றுவரை தெரியவில்லை. படம் போய்விட்டால் அந்தக் கேள்வியும் போய்விடும் என்று நினைத்தேன்.

அண்ணி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா என்னிடம் கேட்டார். "அந்த லாரிக்காரப் பிள்ளை வந்தானா?"

"இல்லம்மா."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

அம்மா ஏசியைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்து, "அவன் எங்கியோ வழி தவறி நிக்கறான் மாமா. என்னிக்காவது ஒரு நாள் திரும்பி வருவான். வந்து பாக்கறப்ப நடை சாத்தியிருந்தா இன்னா பண்ணுவான்?" என்றார்.

பெரியப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "காலம் போன காலத்துல உனக்கு ஒரு கோவில் வேற" என்றார். அம்மா சிரித்துவிட்டார். பெரியப்பா செருப்பை மாட்டும்போது என்னைக் கூப்பிட்டு, "சம்பந்தி வீட்ல நான் பேசிக்கறேன். அந்த லாரிக்காரன் வந்தா எனக்கும் ஒரு போன் போடு" என்றார். இந்த மலருக்கான செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

நோயில் அண்ணனைக் கைமேல் வைத்துப் பார்த்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், அவர் பாக்கி வைத்த வேலைகளைப் பேசாமல் முடித்துக் கொடுத்த கூட்டாளிகளுக்கும், பக்தன் என்று முதலில் கும்பிட்ட பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், அவரைக் கண்ணியமாகப் படம் பிடித்த பெண்ணுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். திட்டி எழுதியவர்களும் படத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் நன்றி.

மஞ்சள் லாரிப் படம் வைத்திருக்கும் அந்தச் சகோதரர் இதைப் படிக்க வாய்ப்பில்லை. உங்களில் எவருக்கேனும் அவரைத் தெரிந்திருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். மாலைதோறும் ஒரு தாய் அவரை விசாரிக்கிறார். நடை திறந்தே இருக்கிறது.