காலி வண்டியும் ஆடிக் காற்றும்

இன்று செங்கல்பட்டில் ஓர் ஓட்டலுக்கு என் சின்னக் காரிலேயே அரிசி மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மனைவி ஜரினாவோடு உத்திரமேரூர் திரும்பிக்கொண்டிருந்தேன்.

போகும்போது வண்டி சமத்தாக ஓடியது. திரும்பும்போது நெடுஞ்சாலையில் வலப்பக்கமிருந்து ஆடிக் காற்று. காலி வண்டி ஓரத்துக்கே ஒதுங்கியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்தபடி ஓட்டினேன்.

முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி வலது தடத்தை விடவில்லை. இடப்பக்கமாக முந்தப் போனேன். லாரி மறைத்ததும் காற்று சட்டென நின்றது. நான் ஒடித்துப் பிடித்திருந்த வேகத்தில் கார் லாரிச் சக்கரத்தை நோக்கிப் பாய்ந்தது.

“இன்னாங்க, லாரி அடியிலயே போறீங்க!” என்று ஜரினா அலறினாள்.

எப்படித் திருப்பினேன் என்று தெரியவில்லை. லாரியைப் போகவிட்டு, ஓரமாக நிறுத்தினேன்.

“வெயிட்டே இல்லாத வண்டி, நல்லா மைலேஜ் குடுக்கும்னு பீத்திக்கினு வாங்கினீங்களே!” என்றாள்.

மீதி வழியெல்லாம் ஊர்ந்துதான் வந்தோம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். திட்டட்டும்.

சரக்கு விற்காமல் தங்கினால் எனக்குத் தூக்கம் வராது. இன்றுதான் முதல்முறையாக, இரண்டு மூட்டை மிஞ்சியிருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். சின்ன வண்டிக்காரர்களே, இந்தக் காற்றில் நீங்கள் எதை ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்?