பத்தொன்பது பேரின் சம்மதம்

இருசம்மாளுக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. வயது நாற்பத்திரண்டு, படிப்பு எட்டாவது. வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் மரவள்ளி பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவர், மூன்று வருடமாக ஓர் அறக்கட்டளையின் சுகாதாரப் பணியாளர். ரத்த அழுத்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு கர்ப்பிணிகளின் வீடு வீடாக நடப்பார்.

போன வருடம் அந்த அறக்கட்டளை பிளாக்செயின் என்று ஒரு கணினிப் பதிவேட்டைக் கொண்டுவந்தது. அதில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று ஓர் ஒப்பந்தம். நான்கு பரிசோதனையும் உரிய நாளில் பதிவானால் பிரசவத்துக்கு ஜீப்பும் கள்ளக்குறிச்சியில் படுக்கையும் தானாகவே கிடைத்துவிடும். யார் கையெழுத்தும் வேண்டாம். பதிந்ததை யாரும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. பெண்கள் தங்கள் போனிலேயே சம்மதம் கொடுக்கலாம், திரும்பவும் வாங்கிக்கொள்ளலாம். ஒரு பகுதியில் சம்மதித்தவர்கள் பாதிக்கும் கீழே குறைந்தால் அந்தப் பகுதிக்கான ஒப்பந்தமே நின்றுவிடும். தன் பகுதியின் முப்பத்து நான்கு பெண்களை உட்கார வைத்து இதையெல்லாம் வாசித்துக் காட்டியவர் இருசம்மாள்தான்.

எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

கோகிலவாணி மலையின் மறுபக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவள் பெயர் அங்கேதான் பதிவு. ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மூன்றாவது பரிசோதனையில் அழுத்தம் ஏறியிருந்தது. அதைப் பதியப் போனால், பதிவு செய்த ஊர் இது இல்லை என்று போன் மறுத்தது. மூன்று நாளில் பதியாவிட்டால் ஜீப்பும் படுக்கையும் ரத்து என்று குறுஞ்செய்தி வேறு. தன் அண்ணியை வலி வந்த பிறகு டோலி கட்டித் தூக்கிப்போய், பாதி வழியிலேயே பறிகொடுத்தவர் இருசம்மாள்.

கள்ளக்குறிச்சியில் இருந்த திட்ட அலுவலர் வீரமணியைப் போனில் பிடித்தார்.

“அந்த ஊரு நர்ஸ்கிட்ட சொல்லி நார்மல்னு பதிய வெச்சிடலாங்க்கா. ஜாஸ்தின்னு போட்டா டாக்டர் அந்த ஊருக்கே வந்து பாக்கணும்னு கேக்கும், அவ அங்க இல்லியே,” என்றார் வீரமணி.

“பிரஷர் ஏறிக்கினு போவுது சார். நார்மல்னு பதிஞ்சா ஆஸ்பத்திரில அதைத்தான நம்புவாங்க? அப்புறம் அழிக்கவும் முடியாது. நான் பொய் பதிய விட மாட்டேன். ரூலை மாத்துங்க.”

“அதுக்குக் கமிட்டி கூடணுங்க்கா. ரெண்டு மாசம் ஆவும்.”

“அவளுக்கு ஒரு மாசந்தான் இருக்குது.”

மறுநாள் காலை, டவர் கிடைக்கும் பாறைக்குப் பெண்களை வரச் சொன்னார். வந்தவர்கள் பத்தொன்பது பேர். சம்மதத்தைத் திரும்ப வாங்கினால் எல்லாமே நின்றுபோகும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

நிறைமாதமாக இருந்த குஞ்சம்மாள் கேட்டாள். “அப்ப எனக்கும் ஜீப்பு வராதாக்கா?”

“வராது.”

குஞ்சம்மாள் போனைக் கையில் எடுத்தாள். “என் தங்கச்சியும் தலைப்பிரசவத்துக்கு இங்கதான வருவா,” என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக அழுத்தினாள். பிறகு மற்றவர்களும் அழுத்தினார்கள். பத்தே நிமிடத்தில் ஒப்பந்தம் நின்றது. அதை நிறுத்தவும் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை.

மதியமே வீரமணி ஜீப்பில் மலையேறி வந்துவிட்டார்.

“இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? மேலேர்ந்து போன் மேல போன் வந்துகினு இருக்குது.”

“ரூல்ல இருக்கறதைத்தான் பண்ணோம் சார்.”

இரண்டு மாதம் கேட்ட கமிட்டி இரண்டே நாளில் கூடியது. புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். பெண் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று அதுவே கேட்டது. கோகிலவாணியின் அழுத்தம் உள்ளது உள்ளபடி பதிவான பிறகுதான் பெண்கள் மறுபடி சம்மதம் கொடுத்தார்கள். குஞ்சம்மாளுக்கு ஜீப் வந்தது. மூன்று வாரம் கழித்து, கோகிலவாணியின் தாய்வீட்டு வாசலுக்கும் வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

அடுத்த மாதம் வீரமணி மறுபடி வந்தார். கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசினார்.

“பழைய பதிவுல அந்தப் பத்தொம்பது பேரு சம்மதத்தைத் திரும்ப வாங்கினது நின்னுகினு இருக்குதுங்க்கா. வெளியூர்லேர்ந்து பதிவைப் பாக்கறவங்க, ஏன் நிறுத்தினாங்கன்னு கேக்கறாங்க. தெரியாம அழுத்திட்டாங்கன்னு ஒரு லெட்டர் குடுங்களேன்.”

இருசம்மாள் பையைத் தோளில் மாட்டினார்.

“தெரிஞ்சுதான் சார் அழுத்தினாங்க. அழியாதுன்னு நீங்கதான சொன்னீங்க. அப்படியே கெடக்கட்டும்.”