கரண்ட் அக்காவின் ட்ரம்ஸ் அறை

எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் கவிழ்த்து, அதன் அடியில் காதை ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடியபடி நகர்கிறார் கரண்ட் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கட்டிய அறைக்குள் ரேடியோ அலறிக்கொண்டிருக்கிறது. ஓரிடத்தில் நின்று பென்சிலால் பெருக்கல் குறி போடுகிறார். "இங்க ஒழுகுது தம்பி." தண்ணீரைச் சொல்வதுபோலத்தான் சத்தத்தையும் சொல்வார்.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் ஃபியூஸ் போனாலும் இவருக்குத்தான் ஆள் போகும். வயது நாற்பத்தெட்டு. சட்டைப் பையில் டெஸ்டர், கொண்டையில் இரண்டு ட்ரம்ஸ் குச்சிகள். காலை வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே ஒரு மணி நேரம் வாசித்தாக வேண்டும். வாசிக்காத நாளில் பேச்சுக் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் எனக்கு அனுபவம் உண்டு.

கணவருக்கு ஒரு தொழிற்சாலை வாசலில் இரவுக் காவல், பகலில்தான் தூக்கம். "உன் ட்ரம்ஸ் எனக்குத் தாலாட்டு மாதிரி" என்று பதினோரு வருடமாகச் சொல்லி வந்தவர், போன மாதம் டூட்டியில் கண்ணயர்ந்து மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை என்றால் வேலை போய்விடும். இதைப் பற்றி வீட்டில் அவர் மூச்சுவிடவில்லை. கூட வேலை பார்ப்பவர் வந்து சொன்னார்.

"இத்தன வருசமா ஒரு மனுசன் தூங்காம கெடந்திருக்காரு. எனக்கு உறைக்கவே இல்ல பாரு." அன்றைக்கே அக்கா தீர்மானித்துவிட்டார். சத்தம் வெளியே வராத அறை. இல்லையென்றால் ட்ரம்ஸை விற்றுவிடுவது. வாங்க ஆளும் பார்த்தாயிற்று. ஞாயிறு மாலை வண்டி வரும்.

அறைக்குள் அறை. பழைய சுவரைத் தொடாமல் மரச்சட்டமும் பலகையும், இடைவெளியில் சத்தத்தை விழுங்கக் கண்ணாடிப் பஞ்சு, தரைக்கடியில் லாரி டயரை வெட்டிய ரப்பர். சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, என் பங்குக்கு நானும் முட்டை அட்டைகள் முப்பது கொண்டுபோனேன். "முட்டையோட கொண்டு வந்திருந்தா ஆம்லெட்டாவது போட்டிருக்கலாம்" என்று திருப்பி அனுப்பினார்.

இவ்வளவு செய்தும் சனிக்கிழமைவரை சத்தம் ஒழுகியது. டம்ளர் கடைசியில் போய் நின்றது ஸ்விட்ச் பெட்டியில். புது அறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. வயர் மிச்சமாகட்டும் என்று இரண்டையும் முதுகோடு முதுகாகப் பதித்து, ஒரு சாண் குழாயால் இணைத்திருந்தார். எலக்ட்ரீஷியனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாத சிக்கனம். "ஊரு வயரிங்ல எல்லாம் குத்தம் கண்டுபிடிக்கிறேன். இங்க ஓட்டையப் போட்டதும் நான், தேடினதும் நான்!" எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். உள்பெட்டியைப் பெயர்த்துத் தள்ளி வைத்து, குழாயை உருவி, குழியை அடைத்தார்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். படுக்கையறை வாசலில் நான் நின்றேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் எனக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறியும் குறட்டையும்தான். வாசிக்கவே இல்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். வெளியே வந்தவர் வியர்வையில் குளித்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை என்று கையை விரித்தேன்.

போனை எடுத்து, கிசுகிசுப்பாக, "வண்டிய அனுப்பாதீங்க சார்" என்றார்.

கணவரின் தலைமாட்டில் அலாரக் கடிகாரம். நான்கு மணிக்கு அது அடித்ததும் எழுந்து சமைத்துவிட்டு டூட்டிக்குப் போவது அவர் வழக்கம். இன்னும் ஐந்து நிமிடம்தான் இருந்தது. "இன்னிக்குச் சமையல் என்னோடது. ஆறு மணிக்கு நானே எழுப்பிக்கிறேன்" என்றார் அக்கா. அலாரத்தை நிறுத்தவில்லை. கடிகாரத்தை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ப் புது அறைக்குள் வைத்து, கதவை இழுத்துச் சாத்தினார்.