மாமியின் கைப்பிடி அரிசி

வெறும் தகர டப்பாவில் ஒரு கைப்பிடி அரிசி விழும் சத்தம், ஓட்டின் மேல் மழை தொடங்குவது போல இருக்கும். டப்பா நிறைய நிறைய அந்தச் சத்தம் அடங்கிப்போகும். என் மாமியாரின் அடுக்களையில் இருந்த பழைய பால்பொடி டப்பா அது. மேலே ‘ஆண்டவருக்கு’ என்று எழுதி ஒட்டியிருந்தார். நெய்யூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் இது பழைய வழக்கம். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே போட்டு வைத்து, மாதக் கடைசி ஞாயிறன்று கோயிலில் காணிக்கையாகக் கொடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். அதை வைத்தே ஒருத்தியைப் பட்டினி போட முடியும் என்பது கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மாமி சிக்கனத்தில் கெட்டிக்காரி, அதை மறுக்க மாட்டேன். மீன்காரி கூவிக்கொண்டு வரும்போது வாங்க மாட்டார். விற்றது போக மிச்சத்தோடு அவள் திரும்பும்வரை காத்திருந்து பாதி விலைக்கு வாங்குவார். ஒரு தேங்காய் மூன்று நாள் வரும். கடையில் உடைந்த பயறாகக் கேட்டு வாங்குவார். இதெல்லாம் நானும் படித்துக்கொண்டேன், இன்றும் செய்கிறேன். எனக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று. மாமா, மாமி, என் கணவர், கொழுந்தன், நான் என்று வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கு அளந்ததில் ஆண்டவருக்கு எடுத்தால் எல்லாருக்கும் கொஞ்சம் குறைய வேண்டும். ஆனால் ஆண்கள் முதலில் வயிறு நிறையச் சாப்பிடுவார்கள், பிறகு மாமி, கடைசியில் நான். ஆகவே குறைந்தது முழுக்க என் தட்டில் குறைந்தது. மாமிக்கு விரிந்த கை வேறு, ஒரு பிடியே இரண்டு பிடி வரும். ஒரு மணி அரிசி கூடுதல் செலவில்லாமல் அவருடைய பக்தி வளர்ந்தது.

மூத்தவள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது, ஒரு மத்தியானம் பானையைச் சுரண்டிவிட்டு, “மாமி, பசி அடங்கல்ல. நாளைக்கி ஒரு பிடி கூட அளப்போமா?” என்று கேட்டேன். அவர் டப்பாவைக் காட்டி, “அது உனக்க பங்காக்கும் மக்ளே. ஆண்டவருக்குக் குடுத்தது வீணாப் போவுமா? பிள்ள நல்லா பொறக்கும்” என்றார். சொல்லும்போது ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை. வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. அதுவும் பசியில்தான் உதைக்கிறது என்று தோன்றியது. அந்த மாதமும் பெண்கள் சங்கத்தில், எங்கள் வீட்டு டப்பாவுக்குத்தான் கனம் கூடுதல் என்று மாமியைப் புகழ்ந்தார்கள். மாமி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தாழ்மையாம்.

கோயிலில் சேரும் கைப்பிடி அரிசியை ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். சம்பா, பச்சரிசி, ரேசன் அரிசி எல்லாம் கலந்து கிடப்பதால், கோழி வளர்ப்பவர்கள்தான் மலிவாக எடுப்பார்கள். எனக்கு ஏழு மாதமானபோது, பார்க்க வந்த அம்மா கையில் கொஞ்சம் பணம் திணித்துவிட்டுப் போயிருந்தார். அந்த மாதக் கடைசி ஞாயிறு, ஏலக்காரர் விலை கூவியதும் ஆண்களுக்குப் பின்னால் நின்று நான் கையைத் தூக்கினேன். பெண்கள் ஏலம் கேட்பது அங்கே வழக்கமில்லை. அதுவும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி. எல்லாத் தலையும் திரும்பியது. “எதுக்கு மக்ளே, வீட்டுல கோழி உண்டா?” என்று ஏலக்காரர் கேட்டார். “இல்ல, எனக்குத் திங்கத்தான்” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. அதன்பிறகு யாரும் விலையை ஏற்றவில்லை. சங்கத்துப் பெண்களுக்கு நடுவில் மாமி நின்றுகொண்டிருந்தார். இந்த முறை நிஜமாகவே தலை குனிந்தார்.

“ஏட்டி, குடும்பத்த நாணங்கெடுத்திட்டியே!” என்று வீட்டுக்கு வந்ததும் கத்தினார். நான் அடுப்பில் பானையை ஏற்றியபடி, “எனக்க பங்கு மாமி. வீணாப் போவாதுண்ணு நீங்கதானே சொன்னிய? ஆண்டவரு திருப்பித் தந்தாரு” என்றேன். பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்த அந்தச் சோற்றை, எல்லாரும் பார்க்க, முதல் ஆளாக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றேன். பல்லில் கல்லும் கடிபட்டது. அதைப்போல ருசியான சோற்றை இதுவரை நான் தின்றதில்லை. மறுநாள் முதல் மாமி ஆறு பேருக்கு அளந்தார்.

அதோடு என் மனம் ஆறிவிட்டது என்று கணவர் நினைத்தார். ஆறவில்லை. மாமா போய்விட்டார், கொழுந்தன் வளைகுடாவில் இருக்கிறான், அடுக்களை என் கைக்கு வந்து பல வருடமாகிறது. சங்கத்தில் இப்போது என் டப்பாவைப் புகழ்கிறார்கள். மாமிக்குக் கண் மங்கிவிட்டது. சர்க்கரை கூடியதால் சோற்றைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. மீனும் முட்டையும் காய்கறியும் குறைவில்லாமல் கொடுக்கிறேன். மருந்து ஒரு வேளை தவறியதில்லை. சோறு மட்டும் சீட்டில் உள்ளபடி. அவருக்கு வேண்டியதோ சோறு மட்டும்தான்.

அதே பால்பொடி டப்பா இன்னும் இருக்கிறது. காலையில் நான் அரிசி அளக்கும்போது மாமி அடுக்களை வாசலில் நாற்காலி போட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்றும் அப்படித்தான். நேற்றுத்தான் கோயிலில் கொடுத்துவிட்டு வந்ததால் டப்பா காலி.

“கைப்பிடி எடுத்தியா மக்ளே?”

“எடுக்கப் போறேன் மாமி. உங்களுக்க பங்குல இருந்தாக்கும்.”

மாமி நாற்காலியை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டார். பிறகு, “பசி அடங்கல்ல மக்ளே. இன்னைக்கி சின்னப் பிடியா எடு” என்றார்.

விரல்களை நன்றாக விரித்து அரிசிக்குள் கையை விட்டேன். வெறும் டப்பாவில் அது விழுந்த சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.