புகைக்கூடத்தில் காய்ந்த லேப்டாப்

லேப்டாப்பைத் திறந்ததும் விறகுப் புகை வாடை அடித்தது. சிரம்பான் டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்த்த காலத்தில் உள்ளே எறும்புப் புற்றும் பல்லி முட்டையும் கண்டிருக்கிறேன். இது புதிது.

அன்று சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம் என்றிருந்தேன். முதலாளி விடவில்லை. "லாபு ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம்தான். பாவம், பொம்பளப்புள்ள கெஞ்சுது. போய்ப் பாத்துட்டு வா லா" என்று விரட்டினார். அவருக்கென்ன, மோட்டார் சைக்கிள் ஓட்டப்போவது நான்.

அந்தப் பெண் சாந்தி, தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் வேலை பார்த்தாள். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. திங்கட்கிழமை அதில் தட்டிக் காட்டுகிறவருக்குக் கணக்கெழுதும் கிராணி வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வீட்டில் பழகுவதற்காக ராசா என்கிற ஊரில் இந்தப் பழைய லேப்டாப்பை வாங்கியிருக்கிறாள்.

"வர்ற வழியில மழண்ணே. நனஞ்சு ரோசாக் ஆயிருச்சு, ஓடவே மாட்டேங்குது" என்றாள் சத்தமாக. அவள் அப்பா முனியாண்டி காப்பி கலக்க உள்ளே போனதும் குரல் தணிந்தது.

"அப்பா அத பொகக்கூடத்துல வச்சுட்டாருண்ணே. ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்துல, ராத்திரி முழுக்க. அவருக்கு அங்கதான் வேல. ஆசையா செஞ்சாரு. நீங்க மழன்னே சொல்லிருங்க."

எனக்கு வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டேன். ரப்பர் ஷீட் காய்கிற சூட்டில் லேப்டாப்பைக் காயவைத்தால் என்ன ஆகும்? ஒரு மூலை நெளிந்திருந்தது. பேட்டரி செத்துவிட்டது. கரண்டில் மாட்டினால் ஹார்ட் டிஸ்க் சுற்றியது. ஆனால் சிஸ்டம் இல்லை என்று திரையில் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு டாஸும் விண்டோஸும் புதிதாக ஏற்ற வேண்டும். அப்போதெல்லாம் ஃப்ளாப்பிதான். ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் செருகிவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும்.

டாஸ் ஏறியது. விண்டோஸ் பாதியில், ஃப்ளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று நின்றது. மறுபடி முயல R பட்டனை அமுக்கினால் அது எழும்பாமல் அமுங்கின இடத்திலேயே ஒட்டிக்கொண்டது. டிரைவைக் கழற்றினேன். படிக்கிற ஹெட்டில் கரி.

"கொஞ்சம் ஸ்பிரிட் கெடைக்குமா?" என்றேன்.

முனியாண்டி சட்டைகூடப் போடாமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சுமாக மூச்சு வாங்கத் திரும்பினார். துடைத்து மாட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கழுத்து வலித்தது. சாந்தி சாமி படத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் விண்டோஸ் எழுந்து வந்தது. அவள் உடனே உட்கார்ந்து தட்டத் தொடங்கினாள். R பட்டனை மட்டும் குத்த வேண்டியிருந்தது.

முனியாண்டி என்னிடம் மெல்லக் கேட்டார்: "தம்பி, நான் பொகையில வச்சதால ஒண்ணும் ஆயிரலையே?"

சாந்தியின் விரல்கள் நின்றன.

"இல்லண்ணே. மழதான்."

"அதான பாத்தேன்! காய வச்சதாலதான் இந்த மட்டுக்காச்சும் பொழச்சுச்சு" என்றார், மகளைப் பார்த்து.

சாந்திக்கு வேலை கிடைத்தது. சில மாதம் கழித்துக் கடைக்குப் போன் செய்தாள். ஆபீஸ் கூரை ஒழுகி கீபோர்டு நனைந்துவிட்டதாம்.

"யாரும் தொடலையே?" என்றேன்.

"அப்பா எடுத்துட்டுப் போயிட்டாருண்ணே."

போனேன். புகைக்கூட வாசலில் முனியாண்டி கீபோர்டைத் துண்டில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். பட்டன்கள் இளகிக் கோணியிருந்தன. இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயெடுத்தேன்.

"புள்ள வேலைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டேன் தம்பி" என்றார். புகையில் அவர் கண்கள் சிவந்திருந்தன.

"ரொம்ப நனஞ்சிருச்சுண்ணே" என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரக்கப்பட்டுப் பொய் சொன்னால் அந்த வேலை நம்மிடமே திரும்பி வரும். அப்போதும் அதே பொய்யைத்தான் சொல்வோம். அதனால் போகும்போதே ஒரு ஸ்பேர் கீபோர்டு எடுத்துக்கொண்டு போங்கள். நான் எடுத்துப் போயிருந்தேன்.