ஒரு சுற்றுப் பெரிய ஹெல்மெட்

போன ஆடி மாதம், தனுஷ்கோடி போகும் சாலையில் நடந்தது இது. இரண்டு பக்கமும் கடல். நடுவே விடிகாலை வெளிச்சத்தில் நானும் என் சைக்கிளும். நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பழகியவள் நான். அந்தச் சாலையில் மிதிப்பதாகவே தோன்றாது, கடலின் கனவுக்குள் உருண்டு போவதுபோல இருக்கும்.

முக்காட்டுக்கு மேல் போட வேண்டுமே என்று, துபாயில் இருக்கும் கணவரிடம் ஹெல்மெட்டை ஒரு சுற்றுப் பெரிதாகவே அனுப்பச் சொல்லியிருந்தேன்.

திடீரென்று கச்சான் காற்று பக்கவாட்டில் அறைந்தது. ஹெல்மெட் சரிந்து கண்ணை மூடியது. கடலும் வானமும் அணைந்துபோயின. ஒரு கையால் அதைத் தூக்கப் போய் சைக்கிள் தடுமாற, பின்னால் ஒரு வேன் அலறியது. மணலில் விழுந்தேன். கண் திறந்தபோது ஹெல்மெட் பிடரியில் தொங்கியது. என் வெறும் நெற்றிக்கும் சாலையோரக் கருங்கல்லுக்கும் ஒரு சாண் தூரம். இனிமேல் சைக்கிளே வேண்டாம் என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

ஆட்டோவுக்குக் காத்திருந்த மீன்காரப் பெண், என்னைவிட இளையவள், கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

“என்னக்கா இது, அண்டாவக் கவுத்துன மாதிரி?”

“முக்காடு போடணும்ல, அதான் பெருசா வாங்குனேன்.”

“நல்லா வாங்குனீங்க போங்க! சும்மாடு லூசா இருந்தா என் கூடை நிக்குமா?”

கூடைக்கு அடியில் வைக்கும் துணிச்சுருளைக் காட்டிச் சிரித்தாள். பிறகு சாலையை மறைத்து நின்று முந்தானையை விரித்துப் பிடித்தாள். பாய்மரமாய்ப் புடைத்த அந்த மீன்வாசனைச் சேலைக்குப் பின்னால், முக்காட்டின் மடிப்புகளைக் குறைத்து ஒற்றையாகச் சுற்றிக்கொண்டேன். அவளே ஹெல்மெட்டை நெற்றிக்கு மட்டமாக வைத்து வாரை இறுக்கினாள்.

“மண்டைய ஆட்டுங்க.”

ஆட்டினேன். தலை ஒரு பக்கம், ஹெல்மெட் ஒரு பக்கம்.

“இது உங்க மண்டைக்கு இல்லக்கா. இன்னைக்கு உருட்டிக்கிட்டே போங்க. சரியானதா வாங்கிப் போட்டுக்கிட்டு இங்கனயே வாங்க, பாக்குறேன்.”

‘பாக்குறேன்’ என்றாளே, அதில் என் முடிவு கரைந்துவிட்டது. மறுவாரம் ராமநாதபுரத்துக் கடையில் ஒற்றை முக்காட்டோடு ஒவ்வொன்றாய்ப் போட்டுத் தலையை ஆட்டினேன். பிடிக்கவில்லை போலும் என்று கடைக்காரர் அடுத்தடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். நான்காவது, தலை போன பக்கமெல்லாம் கூடவே வந்தது. அதைப் போட்டுக்கொண்டு அதே சாலைக்குப் போய், மீன்காரப் பெண் முன்னால் ஆட்டிக் காட்டினேன்.

“இப்பத்தான்க்கா இது உங்க மண்டை!”

இன்றும் கிளம்புமுன் வாசலில் ஒருமுறை தலையை ஆட்டிப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் எனக்காகக் காற்றில் ஒரு சேலை புடைத்து நிற்கிறது, அதன் மறைவில் என் தலையின் அளவை முதன்முதலாக அறிந்துகொண்ட பெண்ணாக நான் சைக்கிளில் ஏறுகிறேன்.