பன்னிரண்டு கார்போலிக் துணிகள்

நம்பாதவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், எனக்கு நட்டமில்லை. 1931 ஆடியில், ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் யோசப்பினுக்கு நடந்தது இது. ஆஸ்பத்திரியின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

பிரசவ அறைத் துணிகளை அவித்து, கிருமி அண்டாதபடி கார்போலிக் தண்ணீரில் தோய்த்து, பிழியாமல் கொடியில் போடுவது அவள் வேலை. அன்று உள்ளே வலியில் கிடந்தவள் அவளுடைய சொந்தத் தங்கை பெற்றீசியா. அன்றைக்கென்று பார்த்து மருந்து கலக்கும் வில்பிரட் ஐயாவுக்குப் புத்தி அப்படிப் போகவேண்டும்!

"துரைசானி பார்க்க வர்றாங்க. இந்த நாத்தம் ஆகாது. நாலு சொட்டுப் போதும்."

கார்போலிக்கில் நாலே சொட்டைத் தொட்டியில் விட்டு, போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார். யோசப்பின் வயிறெரியத் தோய்த்தாள்.

பிற்பகல் 3.10. பனிமூட்டம் கொடிவரை இறங்கியிருந்தது. பன்னிரண்டு துணிகளையும் போட்டுவிட்டு நடந்தாள்.

சொட்... சொட்...

திரும்பினாள். கொடி காலி. பன்னிரண்டும் தொட்டிக்குள் கிடந்தன.

3.25. மறுபடி போட்டாள். மறுபடி தொட்டிக்குள்! இப்போது கார்போலிக் நெடி மூக்கை அரித்தது. நாலு சொட்டுக்கு இந்த நெடியா?

சளப்... சளப்...

யாரோ அலசுகிறார்கள்.

யாருமில்லை.

மேலே கிடந்த துணியில் ஒரு கை சிவப்பாகப் பதிந்தது...

நாலே விரல்.

யோசப்பின் பயந்தாள், பொய் சொல்வானேன்? ஆனால் உள்ளே தங்கை அலறியதும் பயத்தைவிடக் கோபம் பெரிதாகிவிட்டது.

"யாரா இருந்தாலும் இருந்துட்டுப் போ! நல்லாத் தோய்ச்சுக் குடு!"

3.40க்கு ஈரத் துணிகளோடு பிரசவ அறை வாசலுக்குப் போனாள். நெடியை மோந்த வில்பிரட் மறித்தார்.

"போத்தலத் தொறந்தது யாரு?"

"நான்தான்னு வச்சுக்கங்க. இந்தத் துணிதான் உள்ள போகும். தள்ளுங்க ஐயா!"

அவர் தள்ளி நின்றார். பிள்ளை பிறந்தது. பெற்றீசியாவுக்குக் காய்ச்சல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வில்பிரட் அலுமாரியைப் போய்ப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி. சாவி அவர் பையில். போத்தல்... காலி.

மறுநாள் அந்தக் கைத்தடத்தைக் கண்ட காவல்காரக் கறுப்பையா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்டாட்டி கை... மெசின்ல ஒரு வெரலு போச்சு அவளுக்கு."

யோசப்பினுக்கு முன்னால் அந்தத் தொட்டியில் வேலை பார்த்தவள் அவள். இரண்டு வருடத்துக்கு முன், அதே அறையில், பிள்ளை பெற்ற ஐந்தாம் நாள் காய்ச்சலில் செத்தாள்.

அவளுக்கு விரித்த துணிகளை, அன்றும் ஐயா சொன்ன நாலு சொட்டில் தோய்த்து வைத்தவளும் அவளேதான்.